நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 வாங்கலாமா? ஆசைப்படும் முன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு!

பரீட்சை முடியட்டும், வாங்கித் தரலாம் என்று வீட்டில் தள்ளிப்போடும் பொருட்களின் வரிசையில் இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது ஸ்விட்ச் 2. கையில் வைத்தும் விளையாடலாம், டிவியில் மாட்டியும் விளையாடலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. ஒரே செலவில் இரண்டு மெஷின் கிடைத்த மாதிரி என்று கடைக்காரரும் சொல்வார், யூடியூபரும் சொல்வார்.

ஆனால் இந்தியாவில் இருந்து வாங்குபவருக்கு இந்தக் கணக்கு அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. கன்சோலின் விலை ஒரு பக்கம் இருக்கட்டும். கேம் விலை, மெமரி கார்டு, சந்தா, வாரண்டி, எந்த நாட்டு மாடல் என்பதெல்லாம் சேர்ந்துதான் காசுக்கு லாபமா நஷ்டமா என்று தெரியும்.

முதலில், இது என்ன வகை மெஷின்?

நிண்டெண்டோ ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த நிறுவனம். 2012-ல் அது வெளியிட்ட வீ யூ என்ற டிவி கன்சோல் படுத்துவிட்டது. மொத்தமே சுமார் 1.35 கோடிதான் விற்றது. அந்த அடிக்குப் பிறகு, கையடக்க கேம் மெஷினையும் டிவி கன்சோலையும் ஒன்றாகச் சேர்த்து 2017 மார்ச் 3-ல் வந்ததுதான் ஸ்விட்ச். அது 15 கோடியைத் தாண்டி விற்றது. 2025 ஜூன் 5-ல் வந்த ஸ்விட்ச் 2, முதல் 4 நாட்களிலேயே 35 லட்சத்துக்கு மேல் விற்றுத் தீர்ந்தது.

வேலை செய்யும் விதம் எளிமைதான். டேப்லெட் மாதிரி ஒரு ஸ்கிரீன், அதன் இரண்டு பக்கமும் கழற்றி மாட்டும் ஜாய்-கான் கன்ட்ரோலர்கள். டிவியுடன் எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்த டாக் என்ற ஸ்டாண்டில் இதைச் செருகினால் படம் டிவிக்குப் போய்விடும். டாக்கில் இருக்கும்போது மின்சாரம் தடையின்றிக் கிடைப்பதால் உள்ளே இருக்கும் சிப் கூடுதல் வேகத்தில் ஓடும், படமும் தெளிவாக இருக்கும். கையில் எடுத்ததும் பேட்டரியை மிச்சப்படுத்த அதே சிப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாக்குக்குள் தனியாக ஒரு கம்ப்யூட்டர் ஒளிந்திருப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் இல்லை.

ஸ்விட்ச் 2-வில் 7.9 அங்குல எல்சிடி ஸ்கிரீன், 1080பி, 120 ஹெர்ட்ஸ் வரை. டிவியில் 4கே வரை. உள்ளே 256 ஜிபி இடம். பழைய ஸ்விட்ச்சில் இருந்தது வெறும் 32 ஜிபி, 6.2 அங்குலம், 720பி. காகிதத்தில் பார்த்தால் பெரிய தாவல்தான்.

இடிக்கும் இடமும் உண்டு. பேட்டரி 2 மணி நேரம் முதல் ஆறரை மணி நேரம் வரை வரும் என்று நிறுவனமே சொல்கிறது. கனமான கேம் என்றால் அந்த 2 மணி நேரத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். சென்னையில் ரயில் ஏறி விழுப்புரம் தாண்டுவதற்குள் சார்ஜரைத் தேட வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாய்-கானோடு சேர்த்து எடை 534 கிராம். இரண்டு போனைச் சேர்த்துப் பிடித்த கனத்தையும் தாண்டும். சின்னப் பிள்ளைகள் படுத்துக்கொண்டு விளையாடினால் கை வலிக்கும். 2021-ல் வந்த ஸ்விட்ச் ஓஎல்இடி மாடலின் நிற அழகைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த எல்சிடி கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருக்கலாம்.

உண்மையான செலவு எவ்வளவு?

அமெரிக்காவில் ஸ்விட்ச் 2-வின் அறிமுக விலை 449.99 டாலர். மரியோ கார்ட் வேர்ல்ட் கேமுடன் சேர்த்து 499.99 டாலர். இங்கேதான் பலர் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள்.

ஒரு கேமை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்ட முடியாது. அடுத்து டாங்கி காங் பனான்சா வாங்கினால் 69.99 டாலர். ஆன்லைனில் மற்றவர்களோடு விளையாட ஆண்டுச் சந்தா 19.99 டாலர். 256 ஜிபி மெமரி கார்டு ஒன்று சுமார் 60 டாலர். டிவி முன் உட்கார்ந்து ஒழுங்காக விளையாட ப்ரோ கன்ட்ரோலர் வேண்டும் என்று மனசு சொல்லும். அறிமுகமானபோது அது 84.99 டாலர். எல்லாம் கூட்டினால் சுமார் 735 டாலர். கணக்குக்காக ஒரு டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தாலும் 66 ஆயிரம் ரூபாய் வந்து நிற்கிறது. அதுவும் அமெரிக்க விற்பனை வரி, இறக்குமதி செலவு, இங்குள்ள கடைக்காரரின் லாபம் எதுவும் சேராமல்! கன்சோல் மட்டும் என்றால் 40 ஆயிரம் என்று தொடங்கிய கணக்கு இது.

இதில் ப்ரோ கன்ட்ரோலரைத் தவிர்க்கலாம். மெமரி கார்டையும் முதல் வருஷம் தள்ளிப்போடலாம். ஆனால் கேம் செலவைத் தவிர்க்கவே முடியாது. நிண்டெண்டோ சொந்தமாகத் தயாரிக்கும் கேம்களுக்குப் பெரிய தள்ளுபடி வருவது அபூர்வம். 2017-ல் வந்த கேம்கூட இன்னமும் கிட்டத்தட்ட அதே விலையில் நிற்கும். ‘ஆறு மாசம் பொறுத்தால் பாதி விலைக்கு வரும்’ என்ற பிளேஸ்டேஷன் பழக்கம் இங்கே பலிக்காது.

சந்தா எல்லோருக்கும் கட்டாயமா என்றால், இல்லை. தனியாக விளையாடவும், ஒரே ஸ்கிரீன் முன்னால் குடும்பமாக உட்கார்ந்து விளையாடவும் சந்தா தேவையில்லை. ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேமுக்கும் வேண்டாம். ஆனால் விளையாடிச் சேர்த்த முன்னேற்றத்தை கிளவுடில் சேமிக்க சந்தா கட்டாயம். இது சாதாரண விஷயமாகத் தோன்றும். கேம் சேமிப்புகள் கன்சோலுக்கு உள்ளேதான் இருக்கும், மெமரி கார்டுக்குப் போகாது. கன்சோல் உடைந்தாலோ தொலைந்தாலோ, சந்தா இல்லாதவருக்கு 100 மணி நேர விளையாட்டும் போச்சு.

மெமரி கார்டில் ஒரு பொறி

வீட்டில் கிடக்கும் பழைய மைக்ரோ எஸ்டி கார்டைப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால் அது நடக்காது. கேம்களை வைக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புது வகை கார்டுதான் வேண்டும். பார்க்க இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். பழைய கார்டைச் செருகினால் ஸ்கிரீன்ஷாட், வீடியோவை எடுக்க மட்டுமே உதவும். வாங்கும்போது பெயரில் ‘எக்ஸ்பிரஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். விலை குறைவாக ஒன்று கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் பழைய வகையாகத்தான் இருக்கும்.

கேம் கார்டிலும் புதுக் குழப்பம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் கடையில் கார்டு வாங்கினால் முழு கேமும் அதற்குள் இருக்கும். இப்போது ‘கேம்-கீ கார்டு’ என்று ஒன்று விற்கிறார்கள். இதில் கேம் இருக்காது, சாவி மட்டும்தான். செருகியதும் முழு கேமையும் இணையத்தில் இருந்து இறக்க வேண்டும். அதன் பிறகும் ஒவ்வொரு முறை விளையாடும்போதும் கார்டு உள்ளே இருக்க வேண்டும். அதாவது டிஜிட்டலின் தொல்லையும் உண்டு, கார்டை மாற்றி மாற்றிச் செருகும் தொல்லையும் உண்டு. மொபைல் டேட்டாவில் ஓட்டும் வீட்டில் 50 ஜிபி இறக்குவது என்ன பாடு என்று சொல்லவே வேண்டாம்.

ஒரே ஆறுதல், கீ கார்டை மற்றவருக்கு விற்க முடியும். டப்பாவின் முன்பக்கத்திலேயே அது கீ கார்டு என்ற குறிப்பும், பக்கத்திலேயே எத்தனை ஜிபி இறக்க வேண்டும் என்ற விவரமும் இருக்கும். முழு கேம் கார்டிலேயே வருவதும் உண்டு. சைபர்பங்க் 2077 அப்படித்தான் 64 ஜிபி கார்டில் வந்தது.

இந்தியாவில் யார் விற்கிறார்கள்?

இந்த இடம்தான் நமக்கு முக்கியம். நிண்டெண்டோ இந்தியாவில் ஸ்விட்ச் 2-வை அதிகாரபூர்வமாக விற்கவில்லை. இந்தியாவுக்கான ஈஷாப் என்ற ஆன்லைன் கடையும் கிடையாது. ஆன்லைன் தளங்களிலும் கேம் கடைகளிலும் ‘ஸ்டாக் இருக்கு’ என்று சொல்லி விற்கப்படுவது துபாய், சிங்கப்பூர், ஜப்பான், அமெரிக்கா என வெளியிலிருந்து வந்தவை. தவறான பொருள் என்று அர்த்தம் இல்லை. ஆனால் பில்லில் ‘ஒரு வருட வாரண்டி’ என்று எழுதிக் கொடுத்தால், அந்த வாரண்டி கடைக்காரர் தருவது. நிண்டெண்டோ தருவதில்லை. எது கெட்டாலும் அவர் கடை அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

கேம் வாங்க என்ன செய்கிறார்கள்? கணக்கின் நாட்டை அமெரிக்கா என்றோ வேறு நாடு என்றோ வைத்துக்கொள்கிறார்கள். பிறகு அந்த நாட்டு கிஃப்ட் கார்டை வாங்கி அதன் வழியாகப் பணம் செலுத்துகிறார்கள். விலை டாலரில்தான். நம் ஊர் வாங்கும் சக்திக்கு ஏற்ற ரூபாய் விலை என்பது இங்கே இல்லவே இல்லை. கார்டு வடிவில் வாங்கும் கேம்களுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது என்பது நல்ல செய்தி. துபாயில் வாங்கிய கேம் கார்டு, அமெரிக்க கன்சோலில் ஓடும்.

விலையைப் பார்த்து மயங்கக் கூடாத ஒன்று உண்டு. அது ஜப்பான் மாடல்.

ஜப்பானில் ஸ்விட்ச் 2 இரண்டு வகையாக வந்தது. ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென். பல மொழிகள் உள்ளது 69,980 யென். வித்தியாசம் 20 ஆயிரம் யென். வெளிநாட்டுக்கு அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது, உள்ளூர் மக்களுக்குக் குறைந்த விலையில் கிடைக்க வேண்டும் என்று கட்டிய வேலி அது. குறைந்த விலை மாடலில் மெனு முழுக்க ஜப்பானிய மொழிதான், செட்டிங்ஸில் போய் ஆங்கிலத்துக்கு மாற்ற வழியே இல்லை. ஜப்பான் நாட்டுக் கணக்கை மட்டும்தான் அதில் இணைக்க முடியும். அந்த நாட்டு ஈஷாப்போ, வெளிநாட்டில் வழங்கப்பட்ட கிரெடிட் கார்டுகளை 2025 மார்ச் முதல் ஏற்பதில்லை.

‘டோக்கியோவில் இருந்து மச்சான் வர்றான், சீப்பா கிடைக்குது’ என்று சொல்லும்போது, எந்த மாடல் என்ற ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால் பணம் தண்டம். பிள்ளைக்கு ஜப்பானிய மொழி கற்றுத்தர நினைத்தால் ஒழிய அந்த மாடல் வேண்டாம். தமிழ் மெனுவைப் பற்றிக் கேட்கிறீர்களா? எந்த மாடலிலும் கிடையாது.

விளையாட என்ன இருக்கிறது?

பல வீடுகளில் கன்சோல் வந்த மறுநாள்தான் இந்தக் கேள்வியே வருகிறது. பிஜிஎம்ஐ, ஃப்ரீ ஃபயர் இரண்டும் இதில் இல்லை. ‘நண்பர்கள் எல்லாம் அதுதான் ஆடுறாங்க’ என்று சொல்லும் பையனுக்கு 50 ஆயிரம் ரூபாய்க்கு ஸ்விட்ச் 2 வாங்கிக் கொடுத்தால், ஒரு வாரத்தில் அது அலமாரிக்குப் போய்விடும், பையன் மறுபடி போனுக்கே போய்விடுவான். ஜிடிஏ 6 வருமா என்று கேட்பவர்களுக்கும் பதில் ஏமாற்றம்தான். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ஆகியவற்றுக்கு மட்டுமே அது அறிவிக்கப்பட்டது.

இதை வாங்கக் காரணம் மரியோ, செல்டா, டாங்கி காங், போக்கிமான், கிர்பி மாதிரியான கேம்கள்தான். இவை நிண்டெண்டோ மெஷினைத் தவிர வேறு எங்கும் முறைப்படி கிடைக்காது. இந்தப் பெயர்களில் இரண்டு மூன்றாவது ஆசையைக் கிளப்பவில்லை என்றால், வாங்காமல் இருப்பதே மேல்.

குடும்பமாக விளையாடுவதில் மட்டும் இதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்றே சொல்லலாம். மரியோ கார்ட் வேர்ல்டில் ஒரே டிவியைப் பிரித்துக்கொண்டு 4 பேர் ஓட்டலாம். அப்பா, அம்மா, பாட்டி என்று கேம் பழக்கமே இல்லாதவர்களும் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள். ‘கேம்ஷேர்’ வசதி உள்ள கேம்களில் ஒருவரிடம் கேம் இருந்தால் போதும், பக்கத்தில் உள்ள பழைய ஸ்விட்ச்சிலும் சேர்ந்து ஆடலாம். போனில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஆடும் வீட்டுக்கு இது பெரிய மாற்றம்.

பெற்றோருக்கு இன்னொரு பிடியும் கிடைக்கிறது. போனில் ஓர் ஆப் மூலம் தினமும் எத்தனை நிமிடம் என்று வரம்பு போடலாம், எந்த கேமை எவ்வளவு நேரம் ஆடினார்கள் என்று பார்க்கலாம். கேம்சாட் என்ற வீடியோ அரட்டை வசதியை 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பயன்படுத்த அந்த ஆப் வழியாகப் பெற்றோர் அனுமதி தர வேண்டும்.

பழைய ஸ்விட்ச் வைத்திருப்பவர் மாற வேண்டுமா?

பழைய கேம்களில் பெரும்பாலானவை புதியதிலும் ஓடும். சிலவற்றுக்கு இலவசமாகவே தரம் கூட்டித் தந்திருக்கிறார்கள். செல்டாவின் பிரெத் ஆஃப் த வைல்ட், டியர்ஸ் ஆஃப் த கிங்டம் கேம்களுக்கு தலா 9.99 டாலர் கட்டினால் மேம்பட்ட பதிப்பு கிடைக்கும். பழைய ஜாய்-கானை வயர்லெஸ்ஸாக இணைக்கலாம், பக்கத்தில் மாட்ட முடியாது. பழைய டாக் பொருந்தாது.

பழைய ஸ்விட்ச் நன்றாக ஓடுகிறது, வாங்கிய கேமே இன்னும் முடிக்கவில்லை என்றால் மாற அவசரம் இல்லை. மாறாக, கனமான கேமில் படம் திக்குகிறது, டிவியில் மங்கலாகத் தெரிகிறது என்ற எரிச்சல் இருந்தால் வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

புதிதாக வருபவர் செலவைக் குறைக்க பழைய ஸ்விட்ச்சையே வாங்கலாமா? சின்னப் பிள்ளைக்கு என்றால் அதில் தப்பே இல்லை. 8 ஆண்டுக்கும் மேலாகச் சேர்ந்த கேம்கள் அதில் இருக்கின்றன. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஸ்விட்ச் லைட் மாடலை டிவியில் இணைக்கவே முடியாது. 275 கிராம்தான், கைக்கு அடக்கம், விலையும் குறைவு. டிவியில் ஆடும் ஆசையோடு அதை வாங்கினால் மட்டும் ஏமாற்றம்.

அதே காசுக்கு வேறு என்ன?

கம்ப்யூட்டர் கேம்களைக் கையில் வைத்து ஆடும் மெஷின்களும் வந்துவிட்டன. வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படுவதில்லை. ஆசுஸ் ராக் அலை 2023 ஜூலையில் 69,990 ரூபாய்க்கு இங்கே முறைப்படி வந்தது. விலை அதிகம், எடையும் அதிகம். ஆனால் உள்ளூரில் சர்வீஸ் உண்டு. ஸ்டீம் கடையில் கேம்களுக்கு ரூபாய் விலை உண்டு, பண்டிகைத் தள்ளுபடியில் பல கேம்கள் சில நூறு ரூபாய்க்கே இறங்கும். இரண்டு மூன்று வருஷக் கணக்கு போட்டால், நிறைய கேம் வாங்கி ஆடும் ஒருவருக்கு இதுவே மலிவாகக்கூட முடியலாம். விண்டோஸ் அப்டேட், செட்டிங்ஸ் என்று மல்லுக்கட்டும் பொறுமை மட்டும் வேண்டும். எட்டு வயசுப் பிள்ளையிடம் கொடுக்கும் பொருள் அது அல்ல.

டிவி முன் மட்டும்தான் ஆடப் போகிறோம் என்றால் பிளேஸ்டேஷன் 5 பக்கம் போவதே புத்திசாலித்தனம். கையில் எடுத்துப் போகும் வசதிக்காகத்தான் ஸ்விட்ச்சில் கூடுதல் காசு கொடுக்கிறோம். அது வீட்டை விட்டு வெளியே வராது என்றால் அந்தக் காசுக்கு அர்த்தம் இல்லை.

ரிப்பேரும் செகண்ட் ஹேண்டும்

பழைய ஸ்விட்ச்சின் பெரிய தலைவலி ஜாய்-கான் டிரிஃப்ட். குச்சியைத் தொடாமலேயே கேமில் ஆள் தானாக நகரும். நிண்டெண்டோ தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா 2020-ல் இதற்காக வருத்தம் தெரிவித்தார். ஐரோப்பாவில் வாரண்டி முடிந்த பிறகும் இலவசமாகச் சரிசெய்து தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. நமக்கு அந்தச் சலுகை கிடையாது. புதிய ஜாய்-கானில் குச்சியை மாற்றி வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் தேய்மானம் இல்லாத ஹால் எஃபெக்ட் வகை அதில் இல்லை என்று நிறுவனமே உறுதி செய்துவிட்டது. சில வருஷம் போனால்தான் தெரியும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. திருட்டு கேம்களை ஓட்டும் கருவியைப் பயன்படுத்திய கன்சோல்களை நிண்டெண்டோ ஆன்லைனில் இருந்து தடை செய்கிறது. ஸ்விட்ச் 2 வெளிவந்த மாதமே இது தொடங்கிவிட்டது. தடை கணக்குக்கு அல்ல, மெஷினுக்கு. ரீசெட் செய்தாலும் போகாது. ஈஷாப் திறக்காது, ஆன்லைன் ஆட்டம் கிடையாது, கீ கார்டு கேமையும் இறக்க முடியாது. விற்றவர் கம்பி நீட்டிவிடுவார், வாங்கியவர் கையில் பாதி மெஷின்தான் மிஞ்சும். ‘எல்லா கேமும் ஃப்ரீயா போட்டுத் தர்றோம்’ என்று விற்கும் பழைய ஸ்விட்ச்களும் இதே கதைதான்.

அதனால் பழையதை வாங்கப் போகும்போது போனில் ஹாட்ஸ்பாட் ஆன் செய்து, விற்பவர் முன்னாலேயே கன்சோலை இணைத்து ஈஷாப்பைத் திறக்கச் சொல்லுங்கள். எரர் எண் வந்தால் அங்கேயே எழுந்துவிடலாம். திறந்தால் அடுத்து செட்டிங்ஸில் மொழிப் பட்டியலைப் பாருங்கள், ஆங்கிலம் இருக்க வேண்டும். கன்ட்ரோலர் பகுதியில் குச்சியைச் சோதிக்கும் திரையைத் திறந்து, கையை எடுத்துவிட்டுப் பத்து விநாடி பாருங்கள், நடுப் புள்ளி அசையக் கூடாது. கடைசியாக டாக்கில் செருகி டிவியில் படம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, விற்பவரின் கணக்கை நீக்கி ரீசெட் போட்ட பிறகு பணத்தை எடுங்கள்.